அதே எண்

2017இல் ஆஸ்திரேலிய அரசு தபாலில் ஒரு கேள்வி அனுப்பியது: ஒரே பாலினத்தவர் மணந்துகொள்ளச் சட்டத்தை மாற்ற வேண்டுமா? சிட்னிக்கு மேற்கே, தமிழர்கள் நிறைய இருக்கும் பரமட்டா தொகுதியில் எனக்கு வாக்கு. 'ஆம்' என்று குறியிட்டு அனுப்பினேன். ஆனால் அதைக் கேட்டதே தப்பு என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் மட்டும் என்று 2004இல் நாடாளுமன்றம் சட்டத்தில் எழுதியபோது யாரிடமும் வாக்குக் கேட்கவில்லை. பூட்டும்போது கேட்காதவர்கள் திறக்க மட்டும் ஊரைக் கூட்டினார்கள்.

"உது எங்கட பிரச்சினை இல்லை, தம்பி. பெரும்பான்மை சொல்லுறது நடக்கட்டும்" என்றார் தெரிந்த மாமா ஒருவர். 1956இல் இலங்கையில் சிங்களம் மட்டும் சட்டமும் நாடாளுமன்றப் பெரும்பான்மையால்தானே நிறைவேறியது, மாமா? எண்ணியதில் பிழையில்லை. எண்ணித் தீர்க்கக் கூடாததை எண்ணினார்கள்.

முடிவு வந்தது. நாடு முழுக்க 'ஆம்' 61.6 சதவீதம். பரமட்டாவில் 'இல்லை' 61.6 சதவீதம். எண்ணிக்கைதான் நியாயம் என்றால், தொகுதி எல்லையைத் தாண்டியதும் நியாயம் தலைகீழாக வேண்டும்.

பிறகு ஏன் வாக்களித்தாய்? நான் ஒதுங்கி நின்றால் என் கொள்கை சுத்தமாக இருக்கும். காத்திருப்பவர்களுக்கு அதனால் ஒன்றும் கிடைக்காது. கூடியிருக்கக் கூடாத சபையிலும் சாட்சி சொல்லத்தான் வேண்டும். ஆனால் 'நாம் அவர்களுக்கு உரிமை கொடுத்தோம்' என்று சொல்ல மட்டும் எனக்கு வாய் வரவில்லை. கொடுப்பதற்கு அது நம்முடையதாக இருந்ததே இல்லை.