அருளும் கடிகாரமும்

“எழுத ஆவல் இருக்கிறது, எழுத்துத்தான் வரவில்லை” என்று ஏங்கும் இளைஞர் பலர். வரவில்லையாம்! எங்கிருந்து வரவேண்டும்? வானத்திலிருந்தா? மண் பிசையும் குயவர், சக்கரம் சுழல அருள் இறங்கட்டும் என்று தவம் கிடக்கிறாரா? எழுதுகோல் ஏந்தியவன் மட்டும் மோட்டுவளையைப் பார்த்து மோனத்தில் ஆழ்வானேன்?

திருவானைக்காவில் அம்மையின் தாம்பூலம் வாயில் விழுந்ததால் காளமேகம் கவியானார் என்று கதை கட்டியது நம் நாடு. கற்றார், பழகினார், ஆகவே பாடினார் என்று சொல்ல மனம் வரவில்லை! இக்கதையின் கேடு, அது பொய் என்பதோடு முடியவில்லை. அருளால் வருவது எழுத்து என்றால், அருள் பெறாதவன் ஏட்டைத் தொடவேண்டாம் என்பதும் அதனுள் அடக்கம். குடும்பத்திலேயே முதன்முதலாக எழுத்தறிந்த பிள்ளை, முதல் பக்கம் தடைப்பட்டதும், “நமக்கு இது விதிக்கப்படவில்லை” என்று ஒதுங்குகிறானே, அவனை ஒதுக்கியது யார்?

மேனாட்டிலும் இம்மயக்கம் உண்டு. கோல்ரிட்ஜ் என்ற ஆங்கிலக் கவிஞர், ‘குப்ளா கான்’ உறக்கத்தில் தானே உருவானது என்று 1816இல் முன்னுரை எழுதினார். அவருடைய கையெழுத்துப்படி ஒன்று பின்னர் கிடைத்தது. அச்சான வடிவத்துக்கும் அதற்கும் சில சொற்கள் வேறு! கனவு கண்டவர், கண் விழித்துத் திருத்தியும் இருக்கிறார்.

அதே இங்கிலாந்தில் அந்தோணி டிராலப் என்றொருவர். 1834 முதல் 1867 வரை அஞ்சல் துறையில் உழைத்தவர். தெருவோரத் தபால் பெட்டியை 1852இல் ஜெர்சித் தீவில் நிறுவ வழிசெய்தவரும் அவரே. விடியற்காலை ஐந்தரை மணிக்கு மேசைமுன் அமர்வார். காப்பியோடு எழுப்பிவிடுவதற்கென்றே பணியாளுக்கு ஆண்டுக்கு 5 பவுன் கூடுதல் ஊதியம். முதல் அரைமணி, முந்திய நாள் எழுதியதைப் படித்து, ஓசை ஒட்டுகிறதா என்று காதால் சோதிப்பார். பிறகு கடிகாரத்தை எதிரே வைத்து, கால்மணிக்கு 250 சொற்கள்! புகைவண்டியிலும் மடிமேல் பலகை வைத்துப் பென்சிலால் எழுதினார், மனைவி படியெடுத்தார். அந்த அம்மையாரின் பெயருக்கு அட்டையில் இடமில்லை என்பதையும் குறித்துக்கொள்வோம். இப்படி விளைந்தவை 47 நாவல்கள்.

அவர் மறைந்த மறு ஆண்டு, 1883இல், தன்வரலாறு வெளிவந்து இந்த இரகசியம் தெரிந்ததும், முகம் சுளித்தனர் கலைக்காவலர். கடிகாரம் பார்ப்பவனா கலைஞன் என்றனர். அவர் நாவல்கள் எல்லாமே மாணிக்கமல்ல என்பது மெய்தான். ஆயினும், இன்றும் படிக்கப்படும் ‘பார்செஸ்டர் டவர்ஸ்’ பெரும்பகுதியும் பிறந்தது புகைவண்டிப் பெட்டியிலே! மேசையைவிட்டு எழுந்த பின்னும் தம் பாத்திரங்களோடே வாழ்ந்ததாக அவர் கூறுகிறார். சிந்திக்க மறுப்பவனுக்குக் கடிகாரம் கைகொடுக்காது.

சிந்தித்தும் தயங்கி நிற்கும் தோழனே, நாளைக்கு 250 சொற்கூட வேண்டாம், 50 எழுது. முதல் வரி கோணலா? இருக்கட்டும். அதை நிமிர்த்த, மறுநாள் காலை அரைமணி இருக்கிறது.