லாயத்தை நோக்கி ஓடும் குதிரை: குற்றம் யாருடையது?



இந்த மாதம் ஒரு குதிரையைப் பற்றிச் சிந்திக்கும்படி உங்களை அழைக்கிறேன். "குதிரைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். கொஞ்சம் பொறுமையாய் வாசியுங்கள். கடைசியில் இது குதிரையைப் பற்றிய கேள்வி மட்டுமல்ல என்று உங்களுக்கே விளங்கும்.

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் இன்றைக்கும் மாடு மேய்க்கவும், மலைப்பாதைகளில் சவாரி போகவும் அநேகர் குதிரை வளர்க்கிறார்கள். அவர்கள் நடுவில் அடிக்கடி கேட்கிற ஒரு புலம்பல் உண்டு. "போகும்போது நகரமாட்டேங்குது, திரும்பும்போது நிக்கமாட்டேங்குது!" லாயத்தை விட்டுப் புறப்படும்போது அந்தக் குதிரை அடிமேல் அடி வைத்து நடக்கும். திடீரென்று நிற்கும். பின்னாலே போகும். சில குதிரைகள் முன்னங்கால்களைத் தூக்கி எழும்பி ஆளையே கீழே தள்ளிவிடும். ஆனால் லாயத்தின் பக்கமாய் முகத்தைத் திருப்பிவிட்டால் போதும்! தலையை உதறும், கடிவாளத்தைப் பிடுங்கும், நடக்கச் சொன்னால் துள்ளும், கடைசியில் நாலுகால் பாய்ச்சலில் ஓடும். இப்படிப்பட்ட குதிரைக்கு அங்கே "பார்ன் சவர்" என்று பெயர். லாயம் ஒன்றே இனிப்பு, மற்றதெல்லாம் கசப்பு என்று ஆகிப்போன குதிரை என்று நாம் பொருள் சொல்லலாம்.

இப்போது கேள்விக்கு வருவோம். இந்தக் குதிரை செய்வது குற்றமா? குற்றமென்றால் அது யாருடைய குற்றம்? அதைத் திருத்துவதற்கு நியாயமான வழி எது?

1. அது எதை விரும்புகிறது?

குதிரை கூட்டமாய் வாழும் மிருகம். தனியாய் நிற்கும் குதிரையைச் சிங்கமும் ஓநாயும் எளிதாய்ப் பிடித்துவிடும். ஆகவே கூட்டத்தோடு இருந்தால் பிழைப்பு, தனித்தால் ஆபத்து என்பது அதன் இரத்தத்திலேயே ஊறியிருக்கிறது. தன் இஷ்டப்படி விட்டால் ஒரு நாளின் பெரும்பகுதியை மேய்ந்துகொண்டே கழிக்கும். இரை இருக்கிறதோ இல்லையோ, அதன் வயிற்றில் அமிலம் ஓயாமல் சுரந்துகொண்டேயிருக்கும். ஆகவே வெகுநேரம் வெறும் வயிறாய் இருப்பது அதற்குப் பெரிய வேதனை.

அப்படியானால் லாயத்தில் என்ன இருக்கிறது? புல் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, தோழர்கள் இருக்கிறார்கள். வெளியே என்ன இருக்கிறது? முதுகில் பாரம், வாயில் இரும்பு, தனிமை. இதில் எதைத் தெரிந்துகொள்ளும்? நீங்களே சொல்லுங்கள்! தன் இனத்தையும் இளைப்பாறுதலையும் தேடுவது பொல்லாத்தனம் அல்ல. "இது திமிர் பிடித்த குதிரை" என்று நாம் பட்டம் கொடுக்கிறோமே, திமிருக்கு முதலாவது நம்முடைய சட்டம் அதற்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

2. அதற்குக் கற்றுக்கொடுத்தது யார்?

இந்த இடத்தில்தான் நாம் தலைகுனிய வேண்டியதாயிருக்கிறது. விருப்பம் பிறவியில் வந்தது. ஆனால் அந்த ஓட்டம் பழக்கத்தினால் வந்தது.

ஒவ்வொரு நாளும் நடப்பதைக் கவனியுங்கள். சவாரி முடிந்து லாய வாசலுக்கு வந்தவுடனே சேணத்தைக் கழற்றுகிறார்கள். கடிவாளத்தை எடுக்கிறார்கள். ஒரு வாளி தானியம் வைக்கிறார்கள். குதிரை என்ன படித்துக்கொள்ளும்? "இந்த வாசலுக்கு எவ்வளவு சீக்கிரம் வருகிறேனோ அவ்வளவு சீக்கிரம் விடுதலை!" இன்னும் சிலர் கடைசிக் கொஞ்ச தூரத்தில் ஆசைக்கு ஓடவிடுகிறார்கள். வேறு சிலரோ, போகும்போது குதிரை முரண்டு பிடித்தவுடனே பயந்து, "சரி, இன்னைக்கு இது போதும்" என்று திருப்பிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அன்றைக்கு யார் யாருக்குப் பாடம் நடத்தினது? குதிரையல்லவா மனுஷனுக்கு நடத்தினது!

நாமே தினமும் விதைத்ததை ஒருநாள் குதிரை அறுத்துக் காட்டுகிறது. அப்போது சவுக்கை எடுக்கிறோம். இது எந்த ஊர் நியாயம்?

எண்ணாகமம் 22ஆம் அதிகாரம் உங்களுக்குத் தெரியும். பிலேயாம் தன் கழுதையை மூன்று தரம் அடித்தான். ஏறியிருந்தவன் காணாததை, அடிபட்ட கழுதை கண்டிருந்தது. ஏன் நிற்கிறது என்று அவன் ஒருதரமாவது கேட்டானா? அடிப்பதற்கு முன்னே கேட்கவேண்டிய கேள்வி அது.

ஆகவே அனுபவசாலிகள் முதலாவது குதிரையின் சரீரத்தைப் பார்க்கச் சொல்லுகிறார்கள். சேணம் முதுகை அறுக்கிறதா? பல்லில் வலியா? குளம்பில் காயமா? வயிற்றில் புண்ணா? கால்நடை மருத்துவர் இதைப் பார்க்காமல் பழக்க ஆரம்பிக்கக்கூடாது. வலியினால் ஓடுகிற ஒன்றை அடங்காமையினால் ஓடுகிறது என்று தீர்த்துவிட்டால் அது அநியாயத் தீர்ப்பு.

3. அடித்தால் திருந்துமா?

சுமார் 2400 வருஷங்களுக்கு முன்னே கிரேக்க தேசத்தில் செனபோன் என்று ஒருவர் இருந்தார். சாக்ரடீசிடம் பழகினவர், யுத்த வீரர். குதிரையேற்றத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். கோபத்தோடே குதிரையின் கிட்டே போகவேகூடாது என்று அதிலே கண்டிப்பாய்ச் சொல்லுகிறார். கோபத்தில் செய்கிறதற்குப் பின்னால் வருந்தவேண்டி வரும் என்பது அவர் கண்ட உண்மை. ஒரு போர்வீரர் இப்படி எழுதினார் என்பதை மறந்துவிடாதீர்கள்!

லாயத்துக்கு ஓடுகிற குதிரை ஏற்கெனவே கலங்கிப்போயிருக்கிறது. அதன்மேல் சவுக்கும் விழுந்தால் கலக்கம் இரட்டிப்பாகுமே தவிர அடங்காது. வெளியே போவதே அடிவாங்கத்தான் என்று அதன் மனதில் பதிந்துவிடும். லாயத்தின்மேல் ஆசை இன்னும் கூடும். சிலர் இரண்டு வாரையும் சேர்த்து இறுக்கிப் பிடிக்கிறார்கள். நானூறு, ஐந்நூறு கிலோ எடையுள்ள மிருகத்தோடு இழுபறிப் போட்டி போட்டு யார் ஜெயிப்பது? நாம் இழுக்க இழுக்க அதுவும் இழுக்கும்.

அப்படியானால் சும்மா விட்டுவிடலாமா? கூடாது! லாயத்தை நோக்கிப் பாயும் குதிரை சாலையைக் கடக்கும்போது வண்டியைப் பார்க்காது. தாழ்ந்த நிலைவாசலில் ஏறியிருப்பவரின் தலை மோதும் என்று யோசிக்காது. கையை விட்டுவிடுவது இரக்கம் அல்ல, அது சோம்பேறித்தனம். அடியும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். வேறே வழி உண்டா?

4. மாற்றிப் பழக்கும் வழி

உண்டு! டாம் டாரன்ஸ் (1910–2003), ரே ஹண்ட் (1929–2009) என்ற இரண்டு அமெரிக்கக் குதிரைக்காரர்கள் இந்த வழியை அநேகருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். சாராம்சம் இதுதான்: நாம் வேண்டாம் என்கிற காரியத்தை அதற்குப் பிரயாசமுள்ளதாக்கு, வேண்டும் என்கிறதை இலகுவாக்கு, பின்பு அதுவே தெரிந்துகொள்ளட்டும்.

எப்படி? குதிரை லாயத்தை நோக்கி அமைதியாய் நடந்தால் வாரைத் தளர்த்திவிட்டு நடக்கவிட வேண்டும். வேகம் எடுத்த அந்த நிமிஷமே ஒரு பக்கத்து வாரால் மெதுவாய்த் திருப்பி, வட்டமாய்ச் சுற்றவைத்து, வந்த வழியே திரும்ப வேண்டும். அமைதியானால் மறுபடியும் லாயத்தின் பக்கம். ஓடினால் மறுபடியும் எதிர்ப்பக்கம். முதல் நாளில் நூறு அடி தூரத்துக்கு ஒரு மணி நேரம் பிடிக்கலாம். கத்தலும் வேண்டாம், அடியும் வேண்டாம். "ஓடினால் வீடு தூரமாகிறது, நடந்தால் கிட்ட வருகிறது" என்று அதுவே கண்டுபிடிக்கும்.

லாய வாசலுக்கு வந்துவிட்டால் உடனே இறங்கக்கூடாது. அங்கேதான் கொஞ்சம் வேலை: சுற்றி வரவேண்டும், பின்னாலே நடக்கவேண்டும். பிறகு சற்று தூரமாய்க் கொண்டுபோய், அங்கே இறங்கி, சேணத்தின் வாரைத் தளர்த்தி, கழுத்தைத் தடவிக்கொடுத்துப் புல் மேயவிட வேண்டும். வீட்டுக்கு வந்தவுடனே தானியம் வைக்காமல் அரைமணி நேரம் கழித்து வைக்கவேண்டும். எந்த இடத்தில் வேலை வாங்குகிறோமோ அந்த இடத்திலேயே ஓய்வையும் கொடுக்கவேண்டும் என்று செனபோன் அன்றைக்கே எழுதிவைத்திருக்கிறார்!

வெளியே போக மறுக்கும் குதிரைக்கும் இதே நிதானம்தான். கலங்க ஆரம்பிப்பதற்குக் கொஞ்சம் முன்னதாகவே நாமாகத் திரும்பிவிட வேண்டும். இன்றைக்கு ஐம்பது அடி, நாளைக்கு அறுபது. அது முரண்டு பிடித்ததினால் திரும்பினோம் என்று இருக்கக்கூடாது; நாம் திருப்பினதினால் திரும்பினது என்று இருக்கவேண்டும்.

முக்கியமான இரகசியம் ஒன்று உண்டு. குதிரை நாம் கொடுக்கும் அழுத்தத்தினால் கற்றுக்கொள்வதில்லை. அந்த அழுத்தத்தை நாம் எடுக்கிற சமயத்தினால் கற்றுக்கொள்ளுகிறது. அது சரியாய்ச் செய்த அந்தக் கணமே கை இளகவேண்டும். தாமதித்தால் பாடம் போய்விடும். கண்டிக்கத் தெரிந்த கைகள் ஏராளம். இளகத் தெரிந்த கைகள் எத்தனை?

ஒரு எச்சரிப்பு: வேகமாய்ப் பாய்ந்துகொண்டிருக்கும் குதிரையின் தலையைச் சடாரென்று திருப்பினால் இருவரும் விழுவார்கள். ஏறத் தெரியாதவர்கள் இதில் கைவைக்கக்கூடாது. முதலாவது கீழே நின்று கயிற்றில் நடத்திப் பழக்க வேண்டும், தெரிந்தவர் பக்கத்தில் இருக்கவேண்டும்.

5. இதுவும் தந்திரம்தானே?

சிலர் கேட்கலாம்: "சவுக்கால் செய்ததை இவர்கள் சாமர்த்தியத்தால் செய்கிறார்கள். இரண்டும் நம்ம இஷ்டத்தை அதன்மேல் திணிப்பதுதானே?" நியாயமான கேள்வி. மழுப்பக்கூடாது.

ஆம், இங்கேயும் போகிற வழியைத் தீர்மானிப்பது மனுஷன்தான். என்மேல் ஏறு என்று எந்தக் குதிரையும் கேட்கவில்லை. ஆனால் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. சவுக்கு குதிரையின் பயத்தைப் பிடித்து இழுக்கிறது. இந்த வழி அதன் புத்தியை நம்பிக் காத்திருக்கிறது. சவுக்கு குதிரையை மாத்திரம் மாற்றப்பார்க்கிறது. இந்த வழி முதலாவது ஏறினவனை மாற்றுகிறது. தானியம் வைக்கிற நேரத்தை அவன் மாற்றவேண்டும், இறங்குகிற இடத்தை மாற்றவேண்டும், கோபத்தை அடக்கவேண்டும், ஒரு மணி நேரம் வட்டம் சுற்றவேண்டும். யாருக்குப் பிரயாசம் அதிகம்? அதிகாரம் உள்ளவனுக்கே! அதிகாரம் நியாயமானதா என்று பார்க்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. திருத்தப்படுகிறவனைவிட திருத்துகிறவன் அதிகமாய் விலை கொடுக்கிறானா?

லாயத்தை அதற்கு வெறுப்பாக்குவதும் நோக்கம் அல்ல. வீட்டை நேசிக்கிற குதிரை வீட்டை நேசிக்கட்டும். ஆனால் இளைப்பாறுதல் அந்தக் கூரையின் கீழே மாத்திரம் அல்ல, தன்மேல் ஏறியிருக்கிறவரோடே எங்கே போனாலும் உண்டு என்று அது அறியவேண்டும். அதை அறிந்த குதிரை லாயத்துக்குத் திரும்பும்போதும் நிதானமாய் நடக்கும்.

பிரியமானவர்களே, நம்ம வீட்டுக்கு வருவோம். வீட்டில் கால் தரிக்காமல் வெளியே ஓடுகிற மகன் ஒருவன் இருக்கலாம். "அடங்காதவன்" என்று சொல்லிவிடுவது சுலபம். அவனுக்கு வீட்டில் கிடைப்பது எல்லாம் வேலையும் திட்டும், வெளியில் கிடைப்பது எல்லாம் சிரிப்பும் தோழமையும் என்றால், அவன் எந்தப் பக்கம் ஓடுவான்? மணி ஐந்தானவுடன் பையைத் தூக்குகிற வேலையாள் இருக்கலாம். ஐந்து மணிக்கு முன்னே அவனுக்கு ஒரு நல்ல வார்த்தை கிடைத்ததுண்டா? ஓடுகிறவனைப் பிடிக்க வேண்டியதுதான். ஆனால் எதை விட்டு ஓடுகிறான், எதை நோக்கி ஓடுகிறான் என்று கேட்காமல் பிடிக்கக்கூடாது.

இந்த வாரம் உங்கள் வீட்டில் ஒருவர் சரியாய் ஒன்றைச் செய்வார். சின்னக் காரியமாய் இருக்கலாம். அந்தக் கணத்தில் உங்கள் கை இளகுமா?

சிந்திப்போம்! செய்வோம்!