இருத்துற வேலை

சோளகம் தொடங்கிவிட்டது. கோண்டாவிலில் ஒரு ஒழுங்கை முடிவில் இருக்கும் கராச்சில், மூன்று பனஞ்சலாகைகளை முக்காலியாக நிறுத்தி, உச்சியில் செயின் புளொக்கைக் கொழுவி, மொறிஸ் மைனரின் எஞ்சினை இன்று வெளியே எடுத்தோம். தொங்கும்போது பார்த்தால் சின்னப் பொருள்தான். ஆறேழு பேரை அடைத்து ஏற்றிக்கொண்டு கோயில் கோயிலாகத் திரிந்தது இதுவா என்று இருந்தது. காற்றுக்கு மெல்ல ஆடியது. ஒரு துளி எண்ணெய் மணலில் விழுந்து ஊறியது. "பிடியும் தம்பி, ஆட விடாதையும்" என்றார் மெக்கானிக் அண்ணை. வேறொன்றும் பேசவில்லை.

*

எஞ்சின் போன இடம் ஒரு சிறு அறைபோலக் கிடக்கிறது. மைனரின் பொனற்றுக்குக் கீழே இவ்வளவு இடம் ஏன் என்பதற்கு ஒரு கதை உண்டு. அதை வரைந்த அலெக் இசிகோனிஸ் மனத்தில் வைத்திருந்தது படுத்த வாக்கில் நாலு சிலிண்டர் கொண்ட ஒரு புது எஞ்சின். அது வரவேயில்லை. 1948 இல் கார் வெளிவந்தபோது உள்ளே இருந்தது போருக்கு முந்திய மொறிஸ் எயிற்றின் பழைய எஞ்சின். 1952 இல் மொறிசும் ஒஸ்ரினும் ஒரே நிறுவனமாகின. போட்டிக்காரனாக இருந்த ஒஸ்ரினின் எஞ்சின் மைனருக்குள் வந்தது. அதற்கும் முன்னர், கார் வெளிவரவிருந்த கடைசி நேரத்தில், அகலம் போதாதென்று இசிகோனிஸ் மாதிரிக் காரை நெடுக்காக அறுத்து, நாலு அங்குலம் விலக்கிப் பார்த்தாராம். பொனற்றின் நடுவே ஓடும் அந்தப் பட்டை அப்போது வந்தது. அறுத்து ஒட்டுவதும் இன்னொருவரின் எஞ்சினை இருத்துவதும் இந்தக் காருக்குப் பிறக்க முன்னரே பழக்கம். வேறு எஞ்சின் வைப்பதில் எனக்கு இருந்த குற்ற உணர்ச்சி பாதி இதிலேயே குறைந்துவிட்டது.

*

எங்களுடையது 948 சி.சி., சித்தப்பாவின் கார். அதன் எஞ்சினைத் தின்றது மண்ணெண்ணெய். 1990 இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் நின்றபோது குடாநாட்டில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெய்க்கு மாறின. சிறு போத்தலில் பெற்றோல், சேலைன் குழாய், ஒரு திருகு குழாய். பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்ப் பக்கம் திருப்ப வேண்டும். நிற்பாட்டுவதற்குச் சற்று முன் திரும்பப் பெற்றோலுக்கு வர வேண்டும். மறந்தால் அடுத்த நாள் தள்ளத்தான் வேணும். குறைந்த அழுத்தத்தில் ஓடும் பழைய எஞ்சின்கள் என்பதால் தாங்கின. புதுக் கார் என்றால் இடித்து இடித்தே செத்திருக்கும்.

தாங்கின என்று சொன்னாலும் சும்மா விடவில்லை. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும், சம்பிலுள்ள எண்ணெயை நீர்த்துப் போகச் செய்யும். றிங் தேயும், பெயாரிங் தேயும். 1995 ஒக்டோபர் கடைசியில், போரில் வலிகாமமே எழும்பி நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது இந்தக் கார் ஆச்சியையும் இரண்டு மூட்டையையும் சாவகச்சேரிக்குக் கொண்டுபோனது. பெரும்பாலும் தள்ளியதாகத்தான் சித்தப்பா சொல்லுவார். எஞ்சின் ஓடியதை அவர் ஒருநாளும் பெருமையாகச் சொன்னதில்லை.

பிறகு சிலிண்டரை இரண்டு தரம் கடைந்து போர் பண்ணியாயிற்று. புளொக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு அண்ணை சொன்னார்: "இனிக் கடைய இதுக்குள்ள இரும்பில்லை."

*

மாற்றாக வந்தது டட்சன் 1200 இன் எஞ்சின், கியர்பொக்ஸோடு சேர்த்து. கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடி எடுத்து, ஏ9 வழியாக லொறியில் வந்தது. 1171 சி.சி. ஒஸ்ரின் எஞ்சினுக்குக் கிராங்கைத் தாங்க மூன்று பெயாரிங், இதற்கு ஐந்து. தலை அலுமினியம். கியர்பொக்ஸைத் தனியே விட்டுவைக்கலாமே என்று கேட்டேன். பழசில் முதல் கியருக்கு சிங்ரோ இல்லை. கார் முழுதாக நின்றால்தான் விழும். அதோடு பெல் ஹவுசிங்கும் பொருந்தாது. "சோடியைப் பிரிக்காதையும்" என்றார். எஞ்சினை மட்டும் மலிவாக வாங்கி, பிறகு கியர்பொக்ஸோடு இணைக்க அடப்டர் கடைந்து, அது நடுக்கம் காட்டி, மறுபடி கழற்றியவர்களின் கதைகள் இரண்டு மூன்று அவரிடம் உண்டு.

1952 இல் நிசானும் ஒஸ்ரினும் ஒப்பந்தம் போட்டன; அதன்படி நிசான் யப்பானில் ஒஸ்ரின் கார் கட்டியது. அங்கே பழகின கைகள்தான் பிறகு டட்சன்களைக் கட்டின. அந்த வழியில் பார்த்தால் வந்திருப்பது அந்நியன் இல்லை. தூரத்து மச்சான் முறை.

அம்மாவுக்கு இந்த உறவெல்லாம் வேண்டாம். "என்ன காரிலயிருந்து எடுத்தது?" "சனி, அம்மா." யாழ்ப்பாணத்தில் டட்சன் சன்னியை அப்படித்தான் சொல்லுவோம். "ஏழரை முடிஞ்சுதெண்டு இப்பதான் எள்ளெண்ணெய் எரிச்சனான், அதுக்குள்ள நீ ஒண்டை வீட்டுக்குக் கொண்டு வாறாய்."

*

மூன்று கிழமையாக எஞ்சின் உள்ளே போகிறது, வெளியே வருகிறது. கூடு விட்டுக் கூடு பாய்தல் என்று எழுத ஆசையாக இருந்தது. கராச்சில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை, மவுண்டிங்தான் நடக்கிறது. மட்டையில் அளவு வெட்டி, தகட்டில் வெட்டி, ஒரு பொட்டு வெல்டிங் மட்டும் வைத்து இறக்கிப் பார்க்கிறார் அண்ணை. விசிறி றேடியேற்றரில் முட்டுகிறதா, கியர்க் கம்பி சீற்றில் இடிக்கிறதா, பின் அச்சுக்குப் போகும் சாப்டின் கோணம் சரியா. கோணம் பிழைத்தால் வேகத்தில் ஒரு முனகல் வரும், வாழ்நாள் முழுக்கப் போகாது. சாப்டை லேத்தில் கொடுத்து வெட்டிச் சுருக்கினோம். "எஞ்சின் எங்கையும் வாங்கலாம் தம்பி. இருத்துறதுதான் வேலை."

காசும் அப்படித்தான் போனது. எஞ்சினுக்குக் கொடுத்ததைவிட லேத்துக்கும் ஹோசுக்கும் போல்டுக்கும் கூடப் போய்விட்டது. பிறேக்கைப் பிறகு பார்க்கலாம் என்று நான் சொன்ன அன்று மட்டும் அவர் கோபப்பட்டார். பழைய 37 குதிரைவலுவுக்கு வைத்த டிறம் பிறேக் அது. இழுவை கூடினால் நிறுத்தமும் கூட வேணும். பிறேக்குக்குக் காசு சேர, அடுத்த மாதம் வரைக்கும் வேலை நின்றது. சிக்கனம் என்பது எதைக் குறைப்பது என்பதல்ல, எவ்வளவு நாள் பொறுப்பது என்பதுதானோ என்று அந்த மாதம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். பெரும்பாலும் ஹீரோ சைக்கிளில் இருந்தபடி.

*

பற்றறி இணைக்கும் நாள். மைனரில் பொசிற்றிவ்தான் பொடிக்குப் போகும், டட்சனில் நெகற்றிவ். டைனமோவைக் கழற்றி அல்ரனேற்றர் பூட்டியதால் கார் முழுதையும் திருப்ப வேண்டியதாயிற்று. அறுபது வருடமாகக் கூட்டலாக இருந்த இரும்பெல்லாம் ஒரு நிமிடத்தில் கழித்தலாகியது. வயிப்பரைப் போட்டுப் பார்த்தேன். அதற்கு ஒன்றும் தெரியவில்லை. பழைய பக்கமே ஆடியது.

*

எஞ்சின் நம்பர் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் புத்தகத்தைத் திருத்த வேண்டும். சேசி நம்பர் அப்படியே. படிவத்தில் எழுத முன் பழைய நம்பரை இந்தக் கொப்பியின் பின் மட்டையில் பென்சிலால் எழுதிவைத்தேன். ஏனென்று தெரியாது.

*

இன்று ஓடிப் பார்த்தோம். காங்கேசன்துறை வீதியில் இணுவில் தாண்டி, மருதனார்மடம் வரை. நாலாம் கியரில் சத்தம் அவ்வளவு இல்லை. பழைய காரில் கேட்காத கதவுக் கிறீச்சுகளெல்லாம் இப்போது கேட்கின்றன.

திரும்பி வந்து பொனற்றைத் திறந்தபோது, பின்சுவரில் பூட்டியிருந்த பித்தளைத் திருகு குழாயை அண்ணை கண்டார். ஒரு பக்கம் பெற்றோல், ஒரு பக்கம் மண்ணெண்ணெய். 2022 இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறி, நாட்கணக்கில் வரிசை நின்றபோது, பக்கத்து வீட்டுப் பிள்ளை இதைப் பார்த்து, இதில் இப்பவும் மண்ணெண்ணெய் விடலாமா என்று கேட்டது. அதே வருடம் ஓகஸ்டில் மண்ணெண்ணெயும் 87 இலிருந்து 340 ஆனது.

"இதைக் கழற்றட்டோ?"

"இருக்கட்டும் அண்ணை."

அவர் எண்ணெய்க் குப்பியை எடுத்து, திருகில் ஒரு சொட்டு விட்டு, இரண்டு பக்கமும் ஒருதரம் திருப்பிப் பார்த்துவிட்டுப் பொனற்றைச் சாத்தினார்.