வயது கடந்தபின் பிள்ளை கேட்பது பேராசையா?

தூத்துக்குடி மில்லர்புரத்திலிருந்து ஒரு தம்பதியர் சென்ற மாதம் நம்மைக் காண வந்தார்கள். பெயரையும் தெருவையும் சொல்ல மாட்டோம். மற்றதை எழுத அவர்களே இசைவு தந்தார்கள். கணவருக்கு வயது 47, மனைவிக்கு 42. மணமாகிப் பதினாறு ஆண்டுகள். அதில் பதின்மூன்று ஆண்டுகள் அவர் வளைகுடாவில் வேலை பார்த்தார். இரண்டாண்டுக்கு ஒருமுறை இரண்டு மாத விடுப்பு. கூட்டிப் பார்த்தால் இருவரும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தது நான்காண்டுதான் தேறும். ஆனால் ஊரார் வாயில் அந்தச் சகோதரி பதினாறு ஆண்டு மலடி!

அவர் கேட்டது ஒரே கேள்வி: "காக்கா, இந்த வயசுல போயி பிள்ளை வேணும்னு துஆ கேக்குறதும், ஆஸ்பத்திரிக்கு அலையுறதும் பேராசையா? அல்லாஹ் எழுதலேன்னு ஸபுரா இருக்கிறதுதான் ஈமானா?"

இந்தக் கேள்வியைக் கேட்டு நாம் சற்று நேரம் வாயடைத்துப் போனோம். ஏனெனில் நம் இல்லங்களில் இதற்கு ஆயத்த பதில் ஒன்று உண்டு. "கழா கத்ரு, பொருத்துக்கொள்" என்று சொல்லிவிட்டு எழுந்து போவோம். பல்வலிக்கு அப்படிச் சொல்வோமா?

திருமறையின் மர்யம் அத்தியாயத் தொடக்கத்தை எடுத்துப் பாருங்கள். ஜகரிய்யா நபி (அலை) அவர்கள் எலும்பு தளர்ந்து, தலை நரைத்தபின் பிள்ளை கேட்கிறார்கள். மனைவியோ மலடியாகவே இருந்தவர். இதையெல்லாம் தாமே எடுத்துச் சொல்லிவிட்டு, அதன்பிறகும் கேட்கிறார்கள். அவர்களை அல்லாஹ் கண்டிக்கவில்லை. யஹ்யா (அலை) அவர்களைக் கொண்டு நன்மாராயம் சொன்னான். இப்ராஹீம் நபி (அலை) அவர்களும் முதுமையில் இஸ்மாயீலையும் இஸ்ஹாக்கையும் தந்ததற்காகவே நன்றி செலுத்தியதாக 14ஆம் அத்தியாயம் கூறுகிறது. ஆக, வயது கடந்து கேட்பது பேராசை என்றால் அந்தக் குற்றத்தில் இரு நபிமார்களையும் சேர்க்க வேண்டிவரும். அல்லாஹ் பாதுகாப்பானாக!

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜகரிய்யா நபி அந்த வேண்டுதலை மறைவான குரலில் கேட்டார்கள் என்று அருள்மறை சொல்கிறது. ஏன் மறைவாக? கிழவர் பிள்ளை கேட்கிறார் என்று பிறர் எள்ளி நகையாடாதிருக்க என்று விரிவுரையாளர் சிலர் எழுதியிருக்கிறார்கள். நபிக்கே அந்தக் கூச்சம் இருந்திருக்குமானால், கல்யாண வீட்டுப் பந்தியில் "என்ன, ஏதும் விசேஷம் உண்டா?" என்று உரக்கக் கேட்கும் நம் பெண்மக்களும், ஜும்ஆ முடிந்து வாசலில் நின்று "இன்னும் ஒண்ணும் இல்லையா?" என்று தோளைத் தட்டும் நம் பெரியவர்களும் என்ன செய்கிறோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டாமா? ஒருவர் தம் ரப்பிடம் மறைத்துப் பேசுவதை நாம் பந்தியில் வைத்துப் பரிமாறுகிறோம்.

'வேறு பெண் பார்' என்று மகனுக்கு ஓதும் தாய்மாருக்கும் ஒரு சொல். ஜகரிய்யா நபிக்கு அவர்களுடைய மனைவியையே சீராக்கிக் கொடுத்ததாக 21ஆம் அத்தியாயம் கூறுகிறது. வேறொரு மனைவி அங்கே பேச்சில்லை. "இப்ராஹீம் நபி ஹாஜரை மணக்கவில்லையா?" என்று கேட்பீர்கள். மணந்தார்கள், உண்மைதான். ஆனால் அதற்குப்பின் அதே ஸாரா அம்மையாருக்கும் பிள்ளை கிடைத்ததே, அதை ஏன் பாதியில் நிறுத்தி விடுகிறீர்கள்?

மேலும், குறை பெண்ணிடம்தான் என்று யார் தீர்ப்பெழுதியது? பிள்ளையில்லாத தம்பதியரில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்களிடம் ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது. ஆணுக்கான முதல் பரிசோதனை எளிது, செலவும் குறைவு. ஆனால் பத்தாண்டு மனைவியைக் கத்திக்கும் ஊசிக்கும் அனுப்பிவிட்டுப் பதினோராம் ஆண்டில்தான் மாப்பிள்ளை அந்தப் பரிசோதனைக்கு இசைகிறார். மருத்துவர்கள் ஓராண்டு சேர்ந்து வாழ்ந்தும் கருத்தரிக்காவிட்டால்தான் குறை என்று பார்க்கத் தொடங்குவார்கள். பெண்ணுக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதம். நாற்பது கடந்திருந்தால் காத்திராமல் உடனே. இரண்டாண்டில் இரண்டு மாதம் மட்டும் கணவனைக் கண்டவளை எந்தக் கணக்கில் வைப்பது? சபுராளிகள் குடும்பங்களில் இந்தக் கணக்கை ஒருவரும் போடுவதில்லை.

சரி, கேட்கலாம். மருத்துவமும் செய்யலாமா? நாயகம் (ஸல்) அவர்கள் மருத்துவம் செய்துகொள்ளச் சொன்னார்கள். எல்லா நோய்க்கும் அல்லாஹ் மருந்து வைத்திருக்கிறான், முதுமை ஒன்றைத் தவிர என்றும் சொன்னார்கள். அபூதாவூதிலும் திர்மிதியிலும் உள்ள ஹதீஸ் இது. இதன் இரண்டு பாதியும் நம் சகோதரிக்கு வேண்டும். குழாய் அடைப்பு நோய், அணுக்குறைவு நோய், மருந்துண்டு. ஆனால் பெண்ணின் கருமுட்டைகள் பிறக்கும்போதே அவளோடு வருபவை. வயதேற ஏறக் குறைபவை. 35க்குப்பின் வேகமாகக் குறைகின்றன. 45ஐ நெருங்கும்போது தன் சொந்த முட்டையால் பிள்ளை பெறுவது மிக அரிது, சோதனைக்குழாய் முறையிலும்கூட. அங்கே நோய் முடிந்து முதுமை தொடங்குகிறது. அதை மருத்துவர் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நாமும் ஒளிக்காமல் கேட்க வேண்டும்.

1978இல் இங்கிலாந்தில் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. கெய்ரோவில் ஷைகு ஜாதுல் ஹக் 1980இலேயே இதுபற்றி ஃபத்வா அளித்தார்கள். 1986இல் அம்மானில் கூடிய பன்னாட்டு ஃபிக்ஹு பேரவையும் முடிவு சொன்னது. சுருக்கம் இதுதான்: கணவனின் அணுவும் மனைவியின் முட்டையும் வெளியே சேர்ந்து, அதே மனைவியின் கருவறையில் வைக்கப்பட்டால், தேவைக்கு ஆகும். மூன்றாமவரின் அணுவோ, முட்டையோ, கருவறையோ இடையில் வரலாகாது.

இங்கேதான் வயதானவர்கள் வழுக்குகிறார்கள். 2019இல் ஆந்திராவின் குண்டூரில் எழுபது கடந்த மூதாட்டி ஒருவர் இரட்டைப் பெண்குழந்தைகளைப் பெற்றார். செய்தியைப் படித்து நம்மவர் பலருக்கும் ஆசை பிறந்தது. முட்டை இன்னொருத்தியுடையது என்ற வரி அவர்கள் கண்ணில் படவில்லை. நஸபு எனும் வம்சத் தொடர்பைத் தெளிவாக வைத்திருப்பது நம் ஷரீஅத்தின் கட்டளை. அந்த 'இன்னொருத்தி' யார் என்றும் எண்ணுவோம். 2022இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமி ஒருத்தியைப் பெற்ற தாயே பலமுறை கருமுட்டை விற்க வைத்த கொடுமை வெளிவந்தது. 2021ஆம் ஆண்டின் சட்டப்படி முட்டை கொடுப்பவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒருமுறைதான் கொடுக்கலாம். சிகிச்சை பெறும் பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 என்று மேல்வரம்பும் அதே சட்டத்தில் உண்டு. நம் பிள்ளை ஆசைக்கு விலை கொடுப்பது யாருடைய உடல் என்ற கேள்வி ஃபத்வாவுக்கு வெளியேயும் இருக்கிறது.

பிறகு பணம். தூத்துக்குடிக் கடற்கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பிகளை உடைக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். வாங்கியவனுக்கு உள்ளே முத்து இருக்கிறதா என்று தெரியாது. சோதனைக்குழாய் முறையும் அப்படித்தான். ஒரு தடவைக்கு லட்சத்துக்கு மேல் கட்ட வேண்டும், பலனுக்கு உறுதியில்லை. கைப்பணம் போனால் போகட்டும். வட்டிக்கு நகை வைத்து இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை என்று போகிறவர்களை நாம் அறிவோம். ஹலாலான பிள்ளையைத் தேடி ஹராமான கடனில் விழுவது எந்த ஊர் நியாயம்?

கிடைக்காவிட்டால்? நாடியவரை மலடாக்குவதையும் தன் பங்கீடுகளில் ஒன்றாகவே 42ஆம் அத்தியாயத்தில் அல்லாஹ் சொல்கிறான்; தண்டனை என்று சொல்லவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்குப் பிள்ளையில்லை. தம் சகோதரி மகன் அப்துல்லாஹ்வின் பெயரால் 'உம்மு அப்துல்லாஹ்' என்று அழைக்கப்பட்டார்கள். அவர்களை மலடி என்று சொல்ல நம்மில் யாருக்கேனும் நா எழுமா?

மில்லர்புரத்துத் தம்பதியரிடம் இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிடவில்லை. இரண்டு முறை வந்து போனார்கள். மாடி கட்டச் சேர்த்த பணத்தில் ஒரே ஒரு தடவை முயல்வது, கடன் வாங்குவதில்லை, வேறொருவர் முட்டை என்று மருத்துவர் பேச்செடுத்தால் எழுந்து வந்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறார்கள். புறப்படும்போது அந்தச் சகோதரி தயங்கி, "மாமி கேட்டா சர்க்கரைக்கு மருந்து வாங்கப் போறோம்னு சொல்லவா காக்கா? பொய்யாயிடுமே" என்றார். நாம் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே கணவர் குறுக்கிட்டார். அவருடைய அணு எண்ணிக்கையும் குறைவு என்று இந்த ஆண்டுதான் தெரிந்திருந்தது.

"உம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன். எனக்குத்தான் வைத்தியம்னு."