மழையில் கரையாத அழகு

அலங்காரம் எந்த இடத்தில் பொய்யாக மாறுகிறது என்ற கேள்வி தர்மசாஸ்திரம் பயின்றவர்களுக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனின் மலைச்சாரல்களிலும் மேட்டுப் புல்வெளிகளிலும் வழிவழியாகப் பிறந்து வளரும் மட்டக்குதிரைகளைக் கண்காட்சிக்கு நடத்திவருகிற எளிய மனிதர்களும் அக்கேள்விக்குத் தங்கள் கைகளாலேயே விடை சொல்லவேண்டியவர்களாக இருக்கிறார்கள்.

எக்ஸ்மூர், டார்ட்மூர், வெல்ஷ், ஹைலண்ட், ஷெட்லண்ட் என்று தத்தம் மண்ணின் பெயரைத் தாங்கி நிற்கும் இக்குதிரைகளை உருவாக்கியதில் மனிதனுக்குள்ள பங்கைவிடக் காற்றுக்கும் பனிக்கும் உள்ள பங்கு பெரிது. எக்ஸ்மூர்க் குதிரையின் முகத்தருகே நின்று பார்த்தால் இது விளங்கும். கண்ணைச் சுற்றித் தடித்த இமைச்சதை மழைநீரை விலக்கிவிடுகிறது. வளர்ப்போர் அதைத் தேரைக்கண் என்பார்கள். முகவாயும் கண்ணோரமும் மாவு பூசினாற்போல வெளுத்திருக்கும். வால் தொடங்குமிடத்தில் விசிறிபோல் விரிந்த குட்டைமயிர், வழியும் நீரை உடலின் மென்மையான பகுதிகளில் படாமல் திருப்பிவிடும். குளிர்காலத்தில் உள்ளே கம்பளிபோல் ஓர் அடுக்கும் வெளியே நீர் புகாத மற்றோர் அடுக்குமாக மயிர் வளர்வதால், முதுகில் விழுந்த பனி உருகாமல் அப்படியே கிடக்கும். இத்தனையும் அழகுக்காக வந்தவையல்ல. உயிர் பிழைப்பதற்காக வந்தவை. ஆயினும் பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு இவற்றைவிடச் சிறந்த அழகு வேறில்லை.

ஆகவேதான் இந்த இனங்களைக் காட்டும்போது பிடரிமயிரைப் பின்னாமல் தொங்கவிடுவதும், காலின் குஞ்சமயிரை இயன்றவரை இயல்பாக விடுவதும் மரபாயின. ஷெட்லண்ட் இனத்துக்கு 1890-இலும், வெல்ஷ் இனத்துக்கு 1901-இலும், எக்ஸ்மூர் இனத்துக்கு 1921-இலும் சங்கங்கள் தோன்றி வம்சாவளிகளைப் பதிவுசெய்யத் தொடங்கியது, இயற்கை எழுதியதை மனிதன் திருத்தாமல் காக்கவேண்டும் என்ற எண்ணத்தினாலன்றி வேறெதனால்?

இருந்தும் பரிசு என்று ஒன்று வந்துவிட்டால் ஆசையும் உடன் வந்துவிடுகிறது. வெள்ளைக் காலை இன்னும் வெளுப்பாக்கச் சுண்ணப்பொடி, முகவாய்க்குக் கறுப்புமை, வாலுக்குப் பொய்மயிர் என்று ஒருவர் தொடங்கினால் அடுத்தவர் பின்தங்க மனமில்லாமல் தொடர்கிறார். ஷெட்லண்டுக்கு உயர வரம்பு 42 அங்குலம். அதற்குள் அடக்குவதற்காகக் குளம்பை அளவுமீறிச் சீவுகிறவருக்கு, அந்தக் குதிரை நாளை கல்லின்மேல் நடக்கவேண்டும் என்ற நினைவு வருவதில்லை. சொற்பப் புல்லில் வாழப் பிறந்த உடலுக்கு உருட்சி வேண்டுமென்று கொழுக்கத் தீனி போட்டால் குளம்பினுள் அழற்சி காண்கிறது. அப்போது அது முன்காலை ஊன்ற அஞ்சி, பாரத்தையெல்லாம் பின்னங்கால்களுக்குச் சாய்த்து, நகராமல் நின்றுவிடும். முகவாயின் மீசைமயிரை வழித்தால் முகம் வழவழப்பாகத் தோன்றும் என்பது உண்மையே. ஆனால் தன் மூக்குக்குக் கீழே இருப்பதைக் காணமுடியாத அந்தப் பிராணி, புல்லையும் முள்ளையும், தண்ணீர்த் தொட்டியின் விளிம்பையும் அந்த மயிரின் வேரிலுள்ள நரம்புகளால்தான் அறிகிறது. வாலை நறுக்கும் கொடுமையைப் பிரிட்டன் 1949-இல் சட்டத்தால் தடுத்தது. மீசைமயிர் வழிக்கப்பட்ட குதிரைகள் போட்டியிடக் கூடாதென்று சர்வதேச குதிரையேற்றச் சம்மேளனம் 2021-இல் விதித்தது. மனச்சாட்சி முன்னே சென்றிருக்கவேண்டிய வழியில் சட்டம் இவ்வளவு தாமதமாக வந்து சேர்ந்தது.

குளிப்பாட்டுவதும் மயிரைச் சீவுவதும்கூடச் செயற்கைதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சேற்றைக் கழுவுகிறவன் உள்ளதைத் தெரியச்செய்கிறான். சாயம் பூசுகிறவன் இல்லாததைத் தெரியச்செய்கிறான். முன்னது சேவை, பின்னது வஞ்சனை. இரண்டையும் பிரித்தறிய ஒரு மழை போதும். சேவை மழையில் கரையாது. சுண்ணப்பொடி காலில் கோடுகோடாக வழிந்துவிடும்.

மாணிக்கவாசகருக்காக இறைவன் நரிகளைப் பரிகளாக்கிப் பாண்டியனிடம் ஒப்புவித்த கதையை நாம் குழந்தைப் பருவம் முதல் கேட்டிருக்கிறோம். அங்கும் இரவு வந்ததும் பரிகள் நரிகளாகி லாயத்தையே கலக்கிவிட்டன. ஈசனுடைய லீலையில்கூடத் தோற்றம் ஒரு பகலுக்குமேல் நிற்கவில்லையென்றால், மனிதன் கையால் பூசிய தோற்றம் எவ்வளவு நேரம் நிற்கும்? அதன் பலனோ நீண்டகாலம் நிற்கிறது. பொய்யான அங்கலட்சணத்துக்குப் பரிசு கிடைத்தால் அந்தக் குதிரையிடமே மற்றவர்கள் குட்டி எடுக்கிறார்கள்; ஒருநாள் கண்காட்சியில் சொன்ன பொய் ஒரு வம்சத்தின் இரத்தத்தில் கலந்துவிடுகிறது. எதிராளியை ஏய்த்தது முதல் குற்றம். வாயில்லாப் பிராணியை அந்த ஏய்ப்புக்குக் கருவியாக்கியது இரண்டாவது. இன்னும் பிறக்காத குட்டிகளுக்குச் செய்த துரோகம் மூன்றாவது, மூன்றிலும் கொடியது.

ஆதலால் குதிரையைக் காட்டுகிறவர்களுக்கும், பரிசளிக்கும் நடுவர்களுக்கும் சொல்லவேண்டியது ஒன்றே: கழுவுங்கள், சீவுங்கள், அன்போடு பழக்குங்கள், அதற்குமேல் கை வைக்காதீர்கள். கண்காட்சி முடிந்து அவிழ்த்துவிட்டதும் அந்தக் குதிரை, கழுத்தில் கட்டிய பட்டுநாடாவை எண்ணாமல், புல்தரையில் விழுந்து புரண்டு எழுகிறது. பரிசை அது ஒருநாளும் கேட்டதில்லை, கேட்டவர்கள் நாம். பொய் சொல்லத் தெரியாத அந்தப் பிராணியின்மேல் நம்முடைய பொய்யை ஏற்றாதிருப்பதே அதற்கு நாம் செய்யக்கூடிய முதல் மரியாதை.