ஞாபகக் கணக்கு

மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலைகளுக்குக் குறைவில்லை. ஆலைக்காரரிடம் கட்டடம் இருக்கிறது, பாய்லர் இருக்கிறது, நெல் காயப்போடக் களம் இருக்கிறது. அவருக்கும் வெளியூர் மண்டிக்காரருக்கும் நடுவில் நிற்கிற தரகரிடம் இவற்றில் ஒன்றும் கிடையாது. அவர் கையில் இருப்பதெல்லாம் ஒரு பிடி அரிசி மாதிரியும், நாலு ஊர் மனிதர்களைப் பற்றிய ஞாபகமும்தான். எந்த மண்டிக்காரர் சொன்ன தேதியில் பணம் அனுப்புவார், எந்த ஆலையில் மாதிரிக்கு ஓர் அரிசியும் மூட்டைக்கு வேறோர் அரிசியும் போடுவார்கள், யாரிடம் நேரில் போய்ப் பேச வேண்டும், யாருக்குப் போனில் சொன்னால் போதும் என்கிற அறிவுதான் அவருடைய முதல். மூட்டைக்கு இவ்வளவு என்று அவருக்குக் கிடைக்கும் தரகு, உண்மையில் அந்த ஞாபகத்துக்கு வருகிற வட்டி.

எனக்குப் பழக்கமான தரகர் ஒருவர் இந்த முதலை ஒரு நோட்டுப் புத்தகத்தில் வைத்திருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம். பெயர், ஊர், கொடுக்கல் வாங்கல் போக, 'மூத்த பெண் நர்ஸ் படிப்பு', 'சர்க்கரை உண்டு, காபி வேண்டாம்', 'தம்பியோடு பேச்சில்லை, விசாரிக்கக் கூடாது' என்றெல்லாம் குறிப்புகள். யாராவது இறந்துபோனால் பக்கத்தைக் கிழிப்பதில்லை. பெயருக்குக் கீழே மகன் பெயரை எழுதிக்கொள்கிறார்.

என் அக்காள் மகன் இன்ஜினீயரிங் படித்தவன். அந்த நோட்டைப் பார்த்துவிட்டு, அதையே கைபேசியில் இயங்கும் ஒரு செயலியாகச் செய்ய முனைந்திருக்கிறான். தரகர்கள், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள், இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுகள் என்று, தொழிலில் நாலு பேர் தயவு தேவைப்படுகிற எல்லாருக்கும் பயன்படும் என்பது அவன் நம்பிக்கை. ஒருவரோடு பேசி நாற்பது நாள் ஆகிவிட்டால் செயலி நினைவூட்டும். அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு முதல் நாள் மணி அடிக்கும். பேசி முடித்ததும் என்ன பேசினோம் என்று கேட்டு எழுதிக்கொள்ளும். அதன் பொத்தான்களுக்குத் தமிழில் பெயர் வைக்க என்னிடம் வந்தான். எழுதிப் பிழைக்கிறவனுக்குக் குடும்பத்தில் இப்படிச் சில உபயோகங்கள் உண்டு.

எல்லாவற்றுக்கும் பெயர் கிடைத்தது, ஒன்றைத் தவிர. ஆறு மாதமாக வியாபாரம் நடக்காத ஆட்களைச் செயலி தனியாகப் பிரித்து அடித்தட்டில் போட்டு, 'நீக்கிவிடலாமா?' என்று கேட்கிறது.

"அந்தத் தட்டுக்கு என்ன பேர் வைக்கலாம் மாமா? 'செயலற்றவர்கள்'னு போட்டு வச்சிருக்கேன்" என்றான்.

அந்தச் சொல்தான் என்னை இதை எழுத வைத்தது.

செயலியே வேண்டாம் என்று ஒதுக்கிவிட வாசகர்களில் சிலருக்குத் தோன்றலாம். அன்பை யந்திரத்திடம் ஒப்படைப்பதா என்று கேட்கலாம். இந்தச் சந்தேகம் மிகப் பழையது. அந்தக் கால ரோமாபுரியில் பிரமுகர்கள் தெருவில் போகும்போது ஓர் அடிமையைக் கூட அழைத்துப் போவார்கள். எதிரே வருகிறவரின் பெயரைக் காதில் சொல்வது அவன் வேலை. கி.மு. 63-இல் முரேனா என்பவருக்காக வழக்காடிய சிசரோ, எதிர்த்தரப்பில் இருந்த கேட்டோவை இந்த விஷயத்தில் கேலி செய்திருக்கிறார். எதிரே வருகிறவர்கள் தெரிந்தவர்கள் என்றால் அடிமை எதற்கு? தெரியாதவர்கள் என்றால் தெரிந்த மாதிரி பெயர் சொல்லி அழைப்பானேன்? ஒழுக்கத்துக்குப் பேர்போன கேட்டோவை மடக்குவதற்கு இந்தக் கேள்வி பயன்பட்டது.

அமெரிக்காவில், 1932-இல் ரூஸ்வெல்ட்டின் தேர்தல் வேலையை நடத்திய ஜேம்ஸ் ஃபார்லி, சந்தித்தவர்களின் குடும்ப விவரங்களைக் குறித்து வைத்துக்கொண்டு மறுமுறை பார்க்கும்போது மறக்காமல் விசாரிப்பாராம். அப்படிப்பட்ட குறிப்புகளுக்கு 'ஃபார்லி கோப்பு' என்றே பெயர் நிலைத்துவிட்டது. நம் சென்னையில் வளர்ந்த ஸோஹோ நிறுவனம் வாடிக்கையாளர் தொடர்பைப் பேணுவதற்கான மென்பொருளை 2005-இல் வெளியிட்டது. அடிமை போய்க் கோப்பு வந்தது. கோப்பு போய்க் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது.

குறித்து வைப்பதில் பொய் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மறந்துவிடக் கூடாதே என்று நம் தாய்மார்கள் முந்தானையில் முடிச்சுப் போட்டுக்கொள்வார்கள். அன்பு முடிச்சிலா இருக்கிறது? ஆனால், அன்பு இல்லாவிட்டால் அந்த முடிச்சு விழுந்திராது. 'காபி வேண்டாம்' என்று எழுதிய நிமிஷத்தில் தரகர் அந்த மனிதரை நினைத்திருக்கிறார்.

பொய் வேறு வழியாக நுழைகிறது. செயலியில் இன்னொரு வசதியும் இருந்தது. 'மகளுக்குப் பிரசவம் நல்லபடியாக ஆயிற்றா?' என்ற விசாரணையைத் தானே எழுதித் தானே அனுப்பிவிடும். விசாரித்ததாகச் சொல்லப்படுகிறவர் அந்த நேரத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கலாம். செய்தியைப் பெற்ற தகப்பனார் மனம் நெகிழ்ந்து பதில் எழுதுவார். அந்த நெகிழ்ச்சியை வாங்கிக்கொள்ள அந்தப் பக்கம் ஆளே இல்லை. 'போய்ப் பார்' என்று யந்திரம் சொல்லலாம். நமக்காக அதுவே போய்ப் பார்த்துவிட்டு வரக் கூடாது. இதைச் சொன்னதும் மருமான் ஒப்புக்கொண்டு அந்த வசதியை எடுத்துவிட்டான்.

அடித்தட்டு விஷயத்தில் அவன் அப்படி இணங்கவில்லை. "எல்லாரையும் போய்ப் பாத்துக்கிட்டே இருந்தா பொழப்ப யாரு மாமா பாக்கறது?" என்றான். ராபின் டன்பார் என்ற ஆங்கிலேய அறிஞர், குரங்கினங்களின் மூளை அளவையும் கூட்டத்தின் அளவையும் ஒப்பிட்டு, மனிதனால் உருப்படியாகப் பேண முடிகிற உறவுகள் ஏறத்தாழ 150 என்று 1992-இல் கணக்குச் சொன்னதையும் எடுத்துக் காட்டினான். அந்த எண்ணை மறுக்கிறவர்களும் உண்டு. எண் எதுவானாலும், எல்லை ஒன்று இருப்பது நம் அனுபவம். அவன் கேள்வி நியாயமானதுதான்.

தரகரின் சம்மதத்தோடு அவருடைய நோட்டை வைத்துத்தான் அவன் சோதனை செய்துகொண்டிருந்தான். அடித்தட்டில் முதல் பெயர், ஆலையை மூடிவிட்ட ஒரு முதலாளியினுடையது. பார்வை மங்கி வீட்டோடு இருக்கிறார். அவரால் இனி ஒரு மூட்டை வியாபாரமும் நடக்கப்போவதில்லை. தரகரோ மாதம் தவறாமல் அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, அன்றைய நெல் விலையைச் சொல்லிவிட்டு வருகிறார். விலை தெரிந்து அவருக்கு ஆக வேண்டியது என்ன? எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"என்னை நம்பி மொத லோடு அனுப்பினவரு அவருதான் தம்பி. அதுக்கு முன்னால எவனும் எனக்கு ஒரு மூட்டை குடுத்ததில்ல" என்றார். கொஞ்சம் பொறுத்துச் சிரித்துக்கொண்டே, "நான் அங்க போறத நாலு ஆலைக்காரங்க பாக்கறாங்க. நொடிச்சுப் போனவரையும் இவன் கைவிடமாட்டான்னு அவங்களுக்குத் தெரியும்ல? அதுவும் வியாபாரந்தான்" என்று சேர்த்துக்கொண்டார்.

இரண்டாவதாகச் சொன்னதை அவர் சொல்லாமல் விட்டிருந்தால் கட்டுரை எழுதுகிறவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஆனால் அதைச் சொன்னதனால்தான் முதலில் சொன்னதை நான் நம்புகிறேன். தொழிலில் பிறந்த சிநேகிதத்தில் லாபம் கலந்தேதான் இருக்கும். அதை முற்றிலும் நீக்கிவிட்டுச் சுத்தமான அன்பைத் தேடுகிறவர்களுக்கு மண்ணச்சநல்லூர் ஆலைகளில் ஒரு பாடம் உண்டு. உமி நீக்கிய அரிசி சோற்றுக்கு ஆகும், விதைக்கு ஆகாது.

ஆகவே லாபம் கலந்திருக்கிறதா என்பதல்ல கேள்வி. கணக்கு எந்தப் பக்கத்திலிருந்து எழுதப்படுகிறது என்பதுதான். புதுக்கோட்டைக்கும் தஞ்சைக்கும் எல்லையான கீரமங்கலம், பேராவூரணி வட்டாரங்களில் ஆடி மாதத்தில் மொய் விருந்து வைக்கிற வழக்கம் உண்டு. யார் எவ்வளவு செய்தார் என்று நோட்டில் எழுதிவைத்து, அவரவர் விருந்துக்குத் திருப்பிச் செய்ய வேண்டும். இப்போது அங்கேயும் கம்ப்யூட்டரில் பதிந்து ரசீது கொடுக்கிறார்கள். வெறும் கடனாக இறுகிப்போன மொய்யும் உண்டுதான். இருந்தாலும் அந்த நோட்டின் அமைப்பில் ஒரு கண்ணியம் இருக்கிறது. நாம் யாருக்குச் செய்ய வேண்டும் என்பதை அது சொல்கிறது. மருமானின் செயலியோ, யாரிடமிருந்து நமக்கு இன்னும் வரும் என்பதைச் சொல்கிறது. வருவது நின்றதும் பெயரும் நின்றுவிடுகிறது. செய்ய வேண்டியதை எழுதும் ஏட்டில் அப்படி நிற்க முடியுமா? முதல் லோடை நம்பி அனுப்பியவருக்கு எந்தத் தேதியில் கணக்குத் தீரும்?

இதில் நம் ஒவ்வொருவருடைய பயமும் இருக்கிறது. ரிடையரான அதிகாரி, கடையை விற்றுவிட்டவர், எழுத்து நின்றுபோன எழுத்தாளன் எல்லாருமே யாரோ ஒருவருடைய அடித்தட்டுக்குப் போக வேண்டியவர்கள்தான். இன்றைக்கு நீக்குகிற விரலுக்கும் நாளைக்கு அதே கதி உண்டு.

வள்ளுவர் 79-ஆம் அதிகாரம் தொடங்கி 83 வரை நட்பைப் பற்றியே பேசுகிறார். ஆளை ஆராய்ந்து பார்த்துச் சேரச் சொல்கிற நட்பாராய்தல் அவற்றில் ஒன்று. மருமானுக்கு அனுகூலமான அதிகாரம் அது. ஆனால் அதை அடுத்து வருவது 'பழைமை': நெடுநாள் பழகியவர்களின் உரிமையைப் போற்றுவது. லாபம் உள்ளவரை ஒட்டியிருந்து, அது அற்றதும் விலகுகிறவர்களை அவர் தீ நட்பில்தான் சேர்த்திருக்கிறார்.

அந்தத் தட்டுக்குப் 'பழையவர்கள்' என்று பெயர் வை என்றேன். 'நீக்கிவிடலாமா?' என்பதற்குப் பதிலாக, 'கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?' என்று அது கேட்கட்டும் என்றும் சொன்னேன். பெயரை எடுத்துக்கொண்டான். நீக்குகிற பொத்தானை விட மட்டும் அவனுக்கு மனமில்லை, வாங்குகிறவர்கள் கேட்பார்களாம். கேட்பார்கள்தான். பொத்தான் இருந்துவிட்டுப் போகட்டும். அதை அழுத்தப் போகிற சமயத்தில் 'பழையவர்கள்' என்ற எழுத்து கண்ணில் பட்டு, நூற்றில் ஒருவராவது கையை எடுத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினால் எனக்குப் போதும்.