இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

நீங்கள் சிங்கப்பூர் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பணம் ஒரு பொருட்டில்லை என்றும் வைத்துக்கொள்வோம். (வைத்துக்கொள்வதில் என்ன குறைந்துவிடப் போகிறது!) நகரின் மையத்தில் இரண்டு ஓட்டல்கள் உங்களுக்குப் பிடித்துப்போகின்றன. எதில் தங்குவீர்கள்?

ஒன்று, ராஃபிள்ஸ். சார்க்கிஸ் சகோதரர்கள் என்ற ஆர்மீனியர்கள் 1887-ல் பத்து அறைகளோடு ஆரம்பித்தது. எழுத்தாளர் சாமர்செட் மாம் வந்து தங்கிய இடம். குப்பை போட்டால் ஃபைன் போடுகிற ஊரில், இங்கே இருக்கும் லாங் பாரில் மட்டும் வேர்க்கடலையைத் தின்றுவிட்டுத் தோலைத் தரையிலேயே வீசலாம். அது அந்த இடத்தின் சம்பிரதாயம்!

இன்னொன்று, ஃபுல்லர்டன். சிங்கப்பூர் ஆறு முடியும் இடத்தில், பெரிய பெரிய தூண்களோடு நிற்கும் கட்டிடம். 1928-ல் திறந்தபோது அது ஓட்டலே இல்லை. அந்த ஊரின் தலைமைத் தபால் நிலையம் பல பத்தாண்டுகள் அதில்தான் இயங்கியது. 2001-ல்தான் ஓட்டலானது.

இரண்டுமே தேசிய நினைவுச் சின்னங்கள். இதிலிருந்து அதற்குப் பொடிநடையாகப் போனால் இருபது நிமிடம்தான்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் நண்பர் ஒருவர் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுபது வயதைத் தாண்டிய அம்மா முதன்முறையாக வந்திருக்கிறார். காலமெல்லாம் அடுப்படியில் நின்றவரை இரண்டே இரண்டு நாள் ராணி மாதிரி வைத்திருக்க வேண்டும் என்று மகனுக்கு ஆசை. எந்த ஓட்டல்?

பேப்பரை எடுத்து நடுவில் கோடு போட்டார். இந்தப் பக்கம் தோட்டம், அந்தப் பக்கம் ஆறு. இதில் ரூம் பெரிசு, அதில் வாடகை கம்மி. மார்க் போட்டுக் கூட்டினால் ஒருநாள் இது ஜெயிக்கும், மறுநாள் அது. இப்படியே மூன்று வாரம் போனது. ஆபீஸ் விட்டு வந்தால் லேப்டாப். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருப்பார். மகன் ரிவ்யூ படித்துக்கொண்டிருப்பார்.

‘இதெல்லாம் ஒரு கஷ்டமா சார்? ஒரு ராத்திரி வாடகை எங்க மாசச் சம்பளத்தைவிட ஜாஸ்தி’ என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. நியாயம்தான். ஆனால் ஓட்டலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இரண்டு வேலையை வைத்துப் பாருங்கள். பெண்ணுக்கு வந்திருக்கும் இரண்டு வரனை வையுங்கள். சொந்த ஊரா, சென்னையா என்று வையுங்கள். இப்போது சிரிப்பு வருகிறதா?

இரண்டு வைக்கோல் கட்டுக்கு நடுவே நின்று, எதைத் தின்பது என்று முடிவு பண்ண முடியாமல் பட்டினி கிடந்தே செத்த கழுதைக் கதை தெரியும்தானே? பதினாலாம் நூற்றாண்டு பிரெஞ்சு தத்துவவாதி பூரிடான் பெயரில் வழங்கும் கதை. வேடிக்கை என்னவென்றால், அவர் எழுதியவற்றில் அந்தக் கழுதையே கிடையாது!

கழுதையின் வைக்கோல் இரண்டும் அச்சு அசல் ஒன்று. நம்முடைய சிக்கல் அப்படிப்பட்டதல்ல. ரூத் சாங் என்ற அமெரிக்க தத்துவவாதி இதற்கு ஓர் அழகான சோதனை சொல்கிறார். இரண்டும் சமம்தான் என்றால், ஒன்றில் துளி கூடினாலே தராசு சாய்ந்துவிட வேண்டும். ‘இந்த ஓட்டலில் காலை டிபன் ஃப்ரீ’ என்று சொன்னதுமே குழப்பம் தீர வேண்டும். தீர்கிறதா? இல்லையே! அப்படியானால் அவை சமமும் இல்லை. ஒன்று உசத்தி, ஒன்று மட்டம் என்பதும் இல்லை. ஒரே வரிசையில் நிற்கும் இரண்டு வேறு வேறு நல்லவை.

இந்த மாதிரி இடத்தில் ‘எது பெஸ்ட்?’ என்று கேட்டால் ஆயுசுக்கும் பதில் வராது. ஏனென்றால் பதில் ஓட்டலுக்குள் இல்லை, தங்கப்போகிறவரிடம் இருக்கிறது. ‘நான் எதன் பக்கம் நிற்கப்போகிறேன்?’ என்று கேட்டுக்கொண்டு, நாமே ஒரு காரணத்தைக் கொடுக்க வேண்டும். கொடுத்தபின் அதன் பக்கமே நிற்கவும் வேண்டும். ராஃபிள்ஸில் படுத்துக்கொண்டு ‘ஃபுல்லர்டன் ஜன்னலில் ஆறு தெரியுமே’ என்று புரண்டால், இரண்டு ஓட்டலுக்கும் காசு கொடுத்து ஒன்றிலும் தங்காதவர் ஆவோம்.

நண்பர் கதைக்கு வருகிறேன். கடைசியில் வேறு வழியில்லாமல் இரண்டு போட்டோவையும் அம்மாவிடம் காட்டினார். “எது வேணும்மா? நீயே சொல்லு.”

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஃபுல்லர்டன் படத்தையே பார்த்தாராம். “தம்பி, இது முன்னாடி தபாலாபீஸா?”

“ஆமா. உனக்கு எப்படித் தெரியும்?”

“எங்கப்பா சொல்லுவாரு. ஆத்தங்கரையில தூண் தூணா வெச்ச பெரிய தபாலாபீஸ், அங்க போய்த்தான் மணியார்டர் கட்டுவேன்னு. அந்தப் பணத்துலதான்டா நாங்க அஞ்சு பேரும் சாப்பிட்டோம்.”

தன் தாத்தா இந்த ஊர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர் என்பது நண்பருக்குத் தெரியும். இந்தத் தூண்களைத் தெரியாது. மூன்று வாரமாக ஆயிரம் முகம் தெரியாதவர்களின் அபிப்பிராயத்தைப் படித்தவர், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போனார்கள். இரண்டு நாள் இருந்தார்கள். அம்மா மெத்தையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம். வாசல் தூண் ஒன்றின்மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாராம். ராஃபிள்ஸ் எப்படி இருந்திருக்கும் என்று இருவருக்குமே கேட்கத் தோன்றவில்லை.

எல்லோருக்கும் இப்படி ஒரு தூண் கிடைக்காது. கிடைக்காவிட்டால் காசைச் சுண்டிப் போட்டாவது ஒன்றை எடுங்கள். எடுத்ததன் பக்கம் நில்லுங்கள். ஆனால் சுண்டுவதற்கு முன்னால், யாருக்காகத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டீர்களா?